வாங்கியது வெள்ளை, சுவரில் தெரிவது வேறு: கோளாறு எங்கே?

பெங்களூரு அல்சூரில் ஒரு பெயின்ட் கடையில், நிறம் கலக்கும் டின்டிங் மெஷினுக்குப் பின்னால் பதினான்கு வருஷமாக நிற்கிறேன். பச்சையோ நீலமோ வாங்கிப் போனவர்கள் நிறம் சரியில்லை என்று திரும்பி வருவது அபூர்வம். வருகிறவர்கள் எல்லாம் வெள்ளை வாங்கியவர்கள்தான். "அண்ணா, நீங்க குடுத்தது வெள்ளையே இல்ல, பாருங்க" என்று போனை நீட்டுவார்கள். போன் கேமரா நிறத்தைத் தானாகவே திருத்திக்கொள்ளும் ஜாதி. படத்தில் சுவர் தும்பைப்பூ மாதிரி இருக்கும். புகார் சொல்ல வந்தவரே அதைப் பார்த்து முழிப்பார்.

அவர்கள் என்ன வார்த்தையில் புகார் சொல்வார்களோ அதே வார்த்தையில் கீழே பிரித்து எழுதியிருக்கிறேன். உங்கள் சுவருக்கு எது பொருந்துகிறதோ அங்கே போய்ப் படியுங்கள். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குற்றவாளி பெரும்பாலும் டப்பாவுக்குள் இருக்க மாட்டான். பல்பில் இருப்பான், தரையில் இருப்பான், பக்கத்து வீட்டுச் சுவரில் இருப்பான். அவனைப் பிடிக்காமல் மறுபடி பெயின்ட் அடித்தால் அடுத்த வெள்ளைக்கும் அதே கதிதான்.

"நாலு ஷேடும் ஒரே மாதிரிதான் இருக்கு, எதை எடுக்கிறது?"

இது வாங்குவதற்கு முன் வரும் கோளாறு. இங்கே கொஞ்சம் நேரம் செலவழித்தால் கீழே உள்ள பாதிப் புகார்கள் வராது.

பச்சரிசியை ஒரு கையிலும் புழுங்கலரிசியை இன்னொரு கையிலும் அள்ளிக்கொள்ளுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் வெள்ளை அரிசி. இரண்டு கையையும் சேர்த்து வைத்தால் புழுங்கல் தன் மஞ்சளைக் காட்டிவிடும், பச்சரிசி லேசாக நீலம் பாரித்தது போல் ஆகிவிடும். ஆஃப் ஒயிட்டும் அப்படித்தான். எல்லாமே டைட்டானியம் டையாக்சைடு என்ற ஒரே வெள்ளைப் பொடியில் தொடங்குகிறவை. அதில் மெஷின் மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு, கறுப்பு, அம்பர் என்ற மண் பழுப்பு என்று சில துளிகள் விடும். நாலு ஷேடுக்கும் நடுவே நீங்கள் தேர்ந்தெடுப்பது அந்தத் துளிகளைத்தான்.

அதனால் ஷேடின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். முத்து, மேகம், பனி என்று யாரோ ஆபீஸில் உட்கார்ந்து வைத்த பெயர்கள் அவை. கடைக்காரரிடம் ஃபார்முலாவைக் கேளுங்கள், மெஷின் திரையிலேயே இருக்கும். மஞ்சளும் கறுப்பும் மட்டும் விழுகிறது என்றால் அந்த வெள்ளை நிழலில் பச்சை அடிக்கும், மஞ்சளோடு கறுப்பு சேர்ந்தால் பாசி நிறம்தானே. சிவப்பு ஆக்சைடு இருந்தால் ரோஸ் பக்கம் போகும். வெறும் கறுப்பு, கூடவே துளி நீலம் என்றால் குளிர்ந்த சாம்பல். அம்பர் என்றால் மண் சார்ந்த ஒரு மங்கல். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். எங்களுக்கும் மெஷின் சுற்றும் நேரத்தில் பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

அப்புறம் வீட்டுச் சோதனை. ஷேட் கார்டு துண்டை ஏ4 பேப்பர் மேல் வைத்துப் பார்க்கிறார்கள் பலர். பார்க்காதீர்கள். அந்தப் பேப்பரில் வெளுப்பு ரசாயனம் சேர்த்திருப்பார்கள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி நீல வெளிச்சமாகத் திருப்பி விடுவது அதன் வேலை. சோப்புத்தூளில் இருக்கிறதே, அதே சங்கதி. அதற்குப் பக்கத்தில் எந்த பெயின்டை வைத்தாலும் பழுத்த மாதிரிதான் தெரியும். நாலு ஷேடையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிடுங்கள், போதும்.

சுவரில் நேராகப் பட்டை அடித்துப் பார்ப்பதும் ஏமாற்றும், ஏனென்றால் சுற்றிலும் பழைய பீச் நிறமோ பிஸ்தா நிறமோ இருக்கும். இரண்டடிக்கு இரண்டடி ப்ளைவுட் துண்டோ தடித்த அட்டையோ எடுத்து, பிரைமர் தடவி, இரண்டு கோட் அடித்து, ஓரத்தில் நாலு விரல் அகலம் பிரைமரை அப்படியே விட்டுவிடுங்கள். காய்ந்த பிறகுதான் பார்க்க வேண்டும். எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட், ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால் ஒரு பொட்டு அடர்த்தியாகும். (சுண்ணாம்பு இதற்கு நேர் எதிர். ஈரத்தில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்து, காய்ந்ததும் பளீரென்று வரும். ஊரில் வெள்ளையடித்துப் பழகிய பெரியவர்கள் எமல்ஷன் விஷயத்தில் ஏமாறுவது இதனால்தான்.) அட்டையைத் தரையில் போட்டுப் பார்க்காதீர்கள், சுவரோடு நிறுத்திப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, உச்சி வேளையில் ஒரு தடவை, விளக்கு போட்ட பிறகு ஒரு தடவை, ஜன்னல் சுவரிலும் எதிர்ச் சுவரிலும் மாற்றி மாற்றி.

இன்னொன்று, கடைக்காரனாக இருந்துகொண்டு நானே சொல்கிறேன். ஒரு லிட்டர் டப்பாவில் ஆஃப் ஒயிட் கலந்தால் அது சரியாக வராமல் போகலாம். இவ்வளவுக்குக் கீழே துளி விடக் கூடாது என்று மெஷினுக்கு ஒரு அளவு உண்டு. 20 லிட்டருக்குக் கணக்காக விழும் கறுப்பு, ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோதான் விழும். மாதிரிக்கு வாங்கினாலும் ஒரே ஷேடில் முடிவு நெருங்கிவிட்டால் 4 லிட்டராக வாங்கி ஒரு சுவர் அடித்துப் பார்ப்பது நல்லது. எப்படியும் அந்த பெயின்ட் செலவாகத்தான் போகிறது.

"அட்டையில் வெள்ளை, அறை முழுக்க அடிச்சா கிரீம்"

இதில் கடைக்காரனும் சரி, கலரும் சரி, உங்கள் கண்ணும் சரி. கணக்குதான் வேலை காட்டுகிறது.

சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச் சுவரில் மோதும், அங்கிருந்து திரும்பி வரும், மறுபடி மோதும். உதாரணத்துக்கு உங்கள் வெள்ளை, மஞ்சள் பக்க வெளிச்சத்தில் நூற்றுக்கு 85ஐத் திருப்பி அனுப்புகிறது, நீலப் பக்கத்தில் 75ஐ என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மோதலில் வித்தியாசம் பத்து. மூன்றாம் மோதலில் மஞ்சள் 61, நீலம் 42. ஒரு அட்டையாக இருந்தபோது தெரியாத மஞ்சள், நாலு சுவராக ஒன்றையொன்று பார்த்து நின்றதும் வெளியே வந்துவிடுகிறது. மூலையில் போய் நின்று பாருங்கள், அங்கேதான் அதிகமாகத் தெரியும்.

சரிசெய்ய: அதே ஷேடைப் பாதி வலுவில் கலக்கச் சொல்லுங்கள். ஃபார்முலாவை 50 சதவீதம் என்று போட்டால் மெஷின் செய்துவிடும், 10 லிட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள். சின்ன அறையாக இருந்தால் ஆரம்பத்திலேயே அட்டையில் "இது கொஞ்சம் வெளிறலா இருக்கே" என்று தோன்றும் ஷேடை எடுக்கலாம்.

"ராத்திரியானா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" அல்லது "ராத்திரியானா மஞ்சக் காமாலை மாதிரி இருக்கு"

இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே. இரவு ஏழு மணிக்குக் கீழே இறங்கித் தெருவில் நின்று உங்கள் ஜன்னலைப் பாருங்கள். உள்ளே இருக்கும்போது கண் பல்புக்குப் பழகிவிடும், வெளியில் நின்றால்தான் உண்மை தெரியும். ஹால் நீலமாகவும் பெட்ரூம் ஆரஞ்சாகவும் தெரிந்தால் பெயின்ட் கடைக்கு வர வேண்டாம், எலக்ட்ரிகல் கடைக்குப் போங்கள்.

பல்பு டப்பாவில் கெல்வின் என்று ஒரு எண் போட்டிருக்கும். 2700, 3000 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். 6500 என்றால் 'கூல் டேலைட்', அதாவது டியூப்லைட் நீலம். நடுவே 4000 இருக்கிறது. அதைக் கடையில் கேட்டு வாங்க வேண்டும், தானாக எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். நம் வீடுகளில் பிரகாசம் என்றாலே 6500தான் என்று ஒரு நினைப்பு. அதன் கீழே துளி நீலம் சேர்ந்த பளீர் வெள்ளையை அடித்தால் ஆஸ்பத்திரி வராமல் என்ன வரும்?

நான் சொல்வது: முதலில் அறையில் உள்ள எல்லா பல்பையும் ஒரே எண்ணுக்கு மாற்றுங்கள். 4000 போட்டு ஒரு வாரம் இருந்து பாருங்கள். அதற்குப் பிறகும் சுவர் பிடிக்கவில்லை என்றால் அப்போது ஷேடைப் பற்றிப் பேசுவோம். பல்பு வாங்கும்போது சி.ஆர்.ஐ எண்ணையும் பாருங்கள் (நிறங்களைப் பல்பு எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான எண்), 80க்குக் குறையாமல் இருக்கட்டும், 90 கிடைத்தால் இன்னும் நல்லது. அந்த எண் குறைந்த பல்பில் எல்லா வெள்ளையும் செத்துப்போய்த் தெரியும். பகலில் ஒட்டி நின்ற இரண்டு வெள்ளைகள் இரவில் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தாலும் சந்தேகம் பல்பின் மேல்தான். வேறு வேறு நிறத்துளிகளால் செய்த இரண்டு ஷேடு ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் தெரியும்.

"வடக்குப் பார்த்த ரூம், அதான் நீலமா இருக்குன்னு சொல்றாங்க"

யார் சொன்னது என்று கேட்டால் வெளிநாட்டு வீடியோவைக் காட்டுவார்கள். அங்கே அது சரி. லண்டனிலோ நியூயார்க்கிலோ உச்சிச் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்துதான் இருக்கும், வடக்கு ஜன்னலுக்குக் கிடைப்பது பெரும்பாலும் நீல வானத்தின் வெளிச்சம் மட்டும்தான். பெங்களூரு இருப்பது 13 டிகிரி அட்சத்தில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலில் காலையும் மாலையும் வெயிலே விழும், மழை மேகம் மறைக்காவிட்டால். டில்லியில் இருக்கும் உங்கள் தங்கை வீட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது 28 டிகிரிக்கு மேலே.

இங்கே திசையைவிட முக்கியமானது ஜன்னலுக்கு எதிரே என்ன இருக்கிறது என்பது. முப்பதுக்கு நாற்பது சைட்டில் சுவரை ஒட்டிச் சுவராகக் கட்டிய ஊர் இது. பக்கத்து வீட்டுக்காரர் அவர் வீட்டை ஆரஞ்சு அடித்தால் உங்கள் பெட்ரூமுக்கு வருவது ஆரஞ்சு வெளிச்சம்தான். ஜீவன்பீமா நகரில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள், போய்ப் பார்த்தேன். ஷேடைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார் வீட்டுக்காரர். ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் சுவர் அமைதியாகிவிட்டது. எதிரே நாலடி தள்ளி ஒரு செங்கல் நிறச் சுவர். வெள்ளை ஸ்க்ரீன் துணி போட்டதோடு அந்த விவகாரம் முடிந்தது.

"ஏதோ பச்சை அடிக்குது" / "ரோஸா தெரியுது"

பச்சை என்றால் மூன்று இடத்தில் தேடுங்கள். முதலில் வெளியே: தூங்குமூஞ்சி மரம் ஜன்னலை மூடி நிற்கிறதா? இலை வழியாக வடிகட்டி வரும் வெளிச்சம் பச்சைதான், எந்த வெள்ளையும் அதற்குத் தப்பாது. இரண்டாவது, ஜன்னல் கண்ணாடியின் ஃபிலிம். மூன்றாவது, மேலே சொன்ன மஞ்சளும் கறுப்பும் சேர்ந்த ஃபார்முலா. மரம்தான் காரணம் என்றால் சிவப்பு ஆக்சைடு ஒரு துளி உள்ள வெள்ளைக்கு மாறுங்கள், பச்சையை அது அமுக்கிவிடும். மரத்தை வெட்டச் சொன்ன ஒரு மேஸ்திரியையும் எனக்குத் தெரியும். அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

ரோஸ் என்றால் கீழே பாருங்கள். பழைய பெங்களூரு வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரை, மெழுகு போட்டுப் பளபளக்கும்போது, முழங்கால் உயரம் வரை சுவரைச் சிவக்க வைக்கும். மேலே போகப் போகக் குறையும். ஒரு வெள்ளைப் பாயையோ பெட்ஷீட்டையோ தரையில் விரித்துப் பாருங்கள், ரோஸ் போய்விட்டால் தரைதான் காரணம். ஐவரி நிற விட்ரிஃபைட் டைல்ஸும் இதே வேலையை மஞ்சளில் செய்யும். தரையை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. அந்தச் சிவப்புத் தரையோடு கொஞ்சம் மஞ்சள் சார்ந்த புழுங்கலரிசி வெள்ளை அழகாகச் சேரும், நீலம் சார்ந்த வெள்ளைதான் சண்டை போடும்.

"புது பெயின்ட், ஆனா ஜன்னல் பக்கத்துல அழுக்கா தெரியுது"

மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு மாமி வந்தார். "இதே டப்பாவிலேர்ந்து ரெண்டு ரூமுக்கு அடிச்சேன். ஒரு ரூம் பால் மாதிரி இருக்கு, இன்னொண்ணு நாலு வருஷமா அடிக்காத மாதிரி இருக்கு" என்றார். இரண்டாவது அறையில் புதிதாக யு.பி.வி.சி என்ற பிளாஸ்டிக் ஜன்னல் போட்டிருந்தார், நீலம் சார்ந்த பளீர் வெள்ளை. முதல் அறையில் தேக்கு ஜன்னல். வேறு வித்தியாசம் ஒன்றும் இல்லை.

1839இல் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் எழுதி வைத்த விஷயம் இது. பாரிஸில் கோபலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். கறுப்பு நூலில் வலுவே இல்லை என்று நெசவாளர்களிடமிருந்து புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தால் குறை ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஓடிய மற்ற நிற நூல்தான் கறுப்பை வெளிற வைத்திருந்தது. அந்த ஆள் மட்டும் இப்போது இருந்தால் எங்கள் கவுன்டரில் உட்கார வைத்துவிடலாம்.

வெள்ளைக்கு அருகே அதைவிட வெள்ளையாக ஒன்று வந்தால் முதல் வெள்ளை அழுக்காகும். யு.பி.வி.சி ஃபிரேம், ஸ்விட்ச் பிளேட், ஏசி, ஃப்ராஸ்டி ஒயிட் லாமினேட் ஒட்டிய வார்ட்ரோப், இவை எல்லாம் பச்சரிசிக் கட்சி. அந்த அறையில் புழுங்கலரிசி வெள்ளை அடித்தால் தோற்றுப்போகும். ஒன்று, சுவரையும் அதே கட்சிக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் சுவரைத் தெளிவாகவே கிரீமாகவோ வெளிர் சாம்பலாகவோ அடித்துவிட வேண்டும், அப்போது பார்க்கிறவர் அதை அழுக்கு என்று நினைக்க மாட்டார், வேண்டுமென்றே அடித்த நிறம் என்று எடுத்துக்கொள்வார். நடுவில் நிற்பதுதான் ஆபத்து. மாமி இரண்டாவது வழியை எடுத்தார்.

"சீலிங்கும் சுவரும் ஒரே டப்பா, சீலிங் மட்டும் சாம்பல்"

சீலிங்குக்கு நேர் வெளிச்சம் கிடையாது, தரையும் சுவரும் திருப்பி அனுப்பும் மிச்சம்தான். அதனால் சீலிங்குக்கு எப்போதும் நிறத்துளியே விழாத வெறும் வெள்ளை, அதுவும் மேட் ஃபினிஷ். சுவர் ஆஃப் ஒயிட்டாக இருந்தாலும் பரவாயில்லை, சேர்ந்தே தெரியும்.

"பட்டை பட்டையா இருக்கு"

இது நிறத்தின் கோளாறு இல்லை, வேலையின் கோளாறு. பகலில் பட்டை தெரியாமல், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது மட்டும் தெரிந்தால் பட்டி சரியாகத் தேய்க்கவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி ஒரு கோட். பட்டிக்கு மேல் பிரைமர் அடிக்காமல் விட்டால் சுவர் அங்கங்கே பெயின்டை உறிஞ்சிவிடும், அதுவும் பட்டைதான். ஒரு சுவர் ஒரு மாதிரி, அடுத்தது வேறு மாதிரி என்றால் இரண்டு டப்பாவையும் கலக்காமல் தனித்தனியாக அடித்திருப்பார்கள், அல்லது மதியத்துக்கு மேல் தண்ணீர் கூடியிருக்கும். எல்லா டப்பாவையும் ஒரு பெரிய டிரம்மில் கொட்டிக் கலந்து, அதிலிருந்து எடுத்து அடிக்கச் சொல்லுங்கள். வேலை நடக்கும்போது மேஸ்திரிக்குக் காபி கொடுக்கும் சாக்கில் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்.

வெள்ளையாகப் பொடி பூத்து, தொட்டால் கையில் வருகிறதா? அது உப்பு. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பிளம்பரைக் கூப்பிடுங்கள். எந்த ஷேடும் அதற்கு மருந்து இல்லை.

"வருஷம் திரும்பல, மஞ்சளாயிடுச்சு"

எங்கே மஞ்சள் என்று பாருங்கள். கதவிலும் ஜன்னல் கட்டையிலும் மட்டும் என்றால் அது ஆயில் எனாமல். வெளிச்சம் படாத இடத்தில் அது தானாகப் பழுக்கும். மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றினால் அடியில் இன்னும் மஞ்சளாக இருக்கும், வெயில் படும் பக்கம் வெளுத்திருக்கும். ஆச்சரியமாகத்தான் இருக்கும், ஆனால் அப்படித்தான். வெள்ளைக் கதவு வேண்டுமென்றால் தண்ணீரில் கரையும் எனாமல் வாங்குங்கள், விலை கூட இருந்தாலும்.

சமையலறையில் அடுப்புக்கு மேலே, பூஜை மாடத்துக்கு மேலே என்றால் எண்ணெயும் புகையும். துணியில் சோப்புத் தண்ணீர் தொட்டு ஒரு சாண் துடைத்துப் பாருங்கள். வெள்ளை வந்தால் நல்லது, கழுவக்கூடிய சாட்டின் ஃபினிஷ் அடுத்த தடவை அடியுங்கள். பாட்டிமார்கள் சுண்ணாம்பில் நீலம் கலந்து மஞ்சளை அடக்கினார்கள், வேட்டிக்குப் போடுவது போலவே. அதை எமல்ஷன் டப்பாவில் செய்து பார்த்து ஒருவர் வந்தார். ஒரு சுவர் முழுக்க ஆகாயம்.

"ஒரு கீறல்தான், டச்சப் பண்ணா அந்த இடம் மட்டும் தனியா தெரியுது"

வாடகை வீட்டுக்காரர்களுக்கு வரும் புகார். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இந்த ஊர் வழக்கம், அதைக் குறைக்கப் பார்ப்பார்கள். ரோலரில் அடித்த சுவரைப் பிரஷ்ஷில் தொட்டால் தெரியும். ஷேடு அதே, ஃபினிஷ் வேறு என்றாலும் தெரியும். எல்லாம் சரியாக இருந்தாலும் இரண்டு வருஷம் வயதான வெள்ளையின் மேல் புது வெள்ளை தெரியத்தான் செய்யும். அதனால் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைவரை அந்தச் சுவரை முழுதாக அடித்துவிடுங்கள், ஒரு லிட்டரோ இரண்டோதான் ஆகும்.

அதற்கு ஷேட் எண் தெரிய வேண்டுமே? டப்பா மூடியில் ஒட்டிய லேபிளைக் கிழித்தெடுத்து வையுங்கள்: பெயின்டின் பெயர், ஷேட் எண், எந்த பேஸ் (நிறத்துளி விடுவதற்கு முன் உள்ள பெயின்ட்), என்ன ஃபினிஷ், எத்தனை சதவீதம் வலு. மல்லேஸ்வரம் மாமி அதை லாஃப்ட் கதவின் உள்பக்கம் செல்லோடேப் போட்டு ஒட்டி, கீழே பென்சிலால் "ரெண்டாவது ரூம், ஜன்னல் தகராறு" என்று எழுதி வைத்திருக்கிறார்.